தேக்காவில் தங்கிச் சிங்கையைக் காணல்

புதிய இடங்களைக் காணச் செல்வோர் இருவகை முறைகளைக் கையாள்வர். நாள்தோறும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் மாறுவது ஒன்று. ஓரிடத்தில் நிலையாகத் தங்கி, காலையில் புறப்பட்டுச் சென்று கண்டு, மாலையில் அங்கேயே திரும்புவது மற்றொன்று. இரண்டாம் முறைக்கு இராசஸ்தானத்தின் ஜெய்சல்மேர் நல்ல சான்றாகும். தார்ப் பாலைவனத்தில் 1156-ஆம் ஆண்டில் இராவல் ஜெய்சல் என்னும் அரசன் அமைத்த சிறு நகர் அது. பயணிகள் கோட்டையின் அருகே அறை எடுத்துத் தங்குவர். ஒரு நாள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணற்குன்றுகளுக்குச் செல்வர். மறுநாள் பழைய தலைநகராகிய லோதுர்வாவையும், மக்கள் கைவிட்டுப் போன குல்தரா என்னும் சிற்றூரையும் காண்பர். மாலையில் திரும்பிக் கோட்டையை நோக்கும்போது, மணலைக் கடந்து வந்த வணிகச் சாத்துகளே இந்நகரை வளர்த்தன என்பது அவர்களுக்கு விளங்கும். சுற்றுப்புறத்தை அறிந்த பின்னரே தங்கிய ஊரின் பொருள் புலப்படுகிறது.

சிங்கப்பூரில் பாலை நிலம் இல்லை. ஆயினும் இம்முறை நமக்குப் பெரிதும் பயன்படும். மலேசியத் தோட்டப் பள்ளிகளிலிருந்து மாணவரை அழைத்து வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சிராங்கூன் சாலைப் பகுதியிலேயே தங்குகின்றனர். வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். கோயில் அருகில் இருக்கும். தமிழில் பேசினால் மறுமொழி வரும். பின்னர் நடப்பது யாது? ஒரு நாள் செந்தோசா. ஒரு நாள் கடைவீதி. அடுத்த நாள் பேருந்து ஏறிவிடுகின்றனர். தமிழர் வாழ்ந்த இடம் இந்தச் சில தெருக்கள் மட்டுமே. மற்றைய நகரம் பிறர் கட்டியது. நாம் அதற்கு விருந்தினர் என்னும் எண்ணத்தோடு பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர். இவ்வெண்ணம் வரலாற்றுக்கு மாறானது. ஆதலின், தேக்காவை எவ்வாறு தங்குமிடமாகக் கொண்டு நகர் முழுவதையும் காட்டலாம் என்பதை ஈண்டு விளக்குவோம்.

தங்குமிடத்தின் வரலாறு

சிராங்கூன் சாலை முதலிலேயே தமிழர் குடியிருப்பாக வகுக்கப்பட்டதன்று. 1822-ஆம் ஆண்டில் இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் சூலியாக் கம்பம் என்று குறிக்கப்பட்ட இடம் சிங்கப்பூர் ஆற்றை ஒட்டியிருந்தது. சூலியா என்பது தென்னிந்திய முஸ்லிம்களுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். சிராங்கூன் பகுதியோ ரோச்சோர் ஆற்றின் அருகே நீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலமாக இருந்தது. நம் இலக்கணத்தார் அதனைக் கண்டிருப்பின் மருதம் என்றே வகுத்திருப்பர். அங்கு எருமைகள் நலமாக வளர்ந்தன. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகராகிய பெலிலியோஸ் போன்றோர் கால்நடை வாணிகம் நடத்தினர். மாடு வந்ததனால் மாட்டுக்காரர் வந்தனர். பால், எண்ணெய்ச் செக்கு, மாவு அரைத்தல் முதலிய தொழில்கள் தொடர்ந்தன. தொழிலாளருக்கு வேண்டிய கடைகள் எழுந்தன. 1936-ஆம் ஆண்டில் இப்பகுதியில் கால்நடைத் தொழிலை நகராட்சி நிறுத்தியது. மாடுகள் போயின, கடைகள் நின்றன. இன்று நாம் காணும் கடைத்தெரு அவ்வாறு உருவானதே.

மற்றொரு தொழிலும் இங்கு நடந்தது. செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இச்சாலையை ஒட்டி இருந்தன. தமிழர் இவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். 1881-ஆம் ஆண்டில் எழுந்த வீரமாகாளியம்மன் கோயிலும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் எனப் பெயர் பெற்றிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் சுட்ட இடத்திலேயே கிடப்பதற்காகச் சுடப்படுவதில்லை. அவை எங்கே சென்றன என்று கேட்பதே நம் பயணத்தின் தொடக்கம்.

பெயர்கள் கற்பிக்கும் பாடம்

புறப்படுமுன் ஒரு காலைப்பொழுதைத் தங்குமிடத்திலேயே செலவிடுக. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே உள்ளன. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். பொருள் இரண்டுக்கும் எருமையே. பழைய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர். அதே சந்தையைச் சீனர் ‘சிறு மூங்கில்களின் அடி’ என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லால் அழைத்தனர்; அதுவே தேக்கா என்று நம் நாவில் நிலைத்தது. தமிழர் தம் சொந்த இடம் என்று கருதும் ஊரின் பெயர் சீன மொழியிலிருந்து வந்தது என அறியும் மாணவன், மொழிகள் ஒன்றோடொன்று கலந்து வாழ்வதை ஒரு நொடியில் உணர்ந்துவிடுவான்.

கிளைவ் தெரு, ஹேஸ்டிங்ஸ் சாலை, டல்ஹௌசி சந்து ஆகிய பெயர்களையும் காட்டுக. இவை இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரின் பெயர்கள். மாடு மேய்த்தவன் பெயரும் சூளை வைத்தவன் பெயரும் தெருப்பலகையில் இல்லை. அவற்றை நாம்தாம் தேடிச் சொல்லல் வேண்டும்.

டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் வாயில்மேல் இருபத்தைந்து நபிமார்களின் பெயர்கள் பொறித்த கதிர்வட்டம் உண்டு. கேம்பல் சந்தில் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் உள்ளது. பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. அப்பெயர் தாங்கிய பள்ளி 1946-ஆம் ஆண்டில் கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் தோன்றி 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தமிழாசிரியர் ஒருவர் அங்கு நின்று வணங்கிச் செல்வது தகும்.

முதற்பயணம்: சுண்ணாம்பு சென்ற வழி

லிட்டில் இந்தியா நிலையத்தில் இரயில் ஏறினால் அடுத்த நிலையம் டோபி காட். வண்ணார் துணி வெளுத்த துறை என்பது அதன் பொருள். நீரோடை இன்று கண்ணுக்குத் தெரியாது. பெயர் மட்டும் எஞ்சியது. அங்கிருந்து பிராஸ் பாசா வழியே நடந்தால் முன்பு இந்தியக் கைதிகளின் சிறை இருந்த பகுதியைக் கடந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அடையலாம்.

1825-ஆம் ஆண்டு ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதற்கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் அவர்கள். 1873-ஆம் ஆண்டில் கைதிச் சிறை மூடப்படும்வரை சாலை, கால்வாய், கட்டடம் எனப் பலவும் இந்தியக் கைதிகளின் கைகளால் எழுந்தன. சிராங்கூன் சாலையில் அவர்களுக்கெனச் செங்கற்சூளையும் இருந்தது. 1862-ஆம் ஆண்டில் புனிதமாக்கப்பட்ட இத்தேவாலயமும், 1869-ஆம் ஆண்டில் முடிந்த ஆளுநர் மாளிகையாகிய இன்றைய இஸ்தானாவும் அவர்கள் கட்டியவையே.

தேவாலயத்தின் உட்சுவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுக. அவற்றின் பூச்சுக்குச் சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கருப்பட்டி போன்ற கரட்டுச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசினர். உலர்ந்தபின் உருண்டைக் கற்களால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிய கை இதனை உடனே அறியும். ஆங்கிலத் திருச்சபையின் கோயில் தமிழ்நாட்டுக் கொத்தர் அறிந்த பூச்சினால் மின்னுகிறது என்பது மாணவருக்கு எத்துணைப் பெரிய செய்தி!

இரண்டாம் பயணம்: ஆற்றங்கரை

அடுத்த நாள் அதே இரயிலில் சைனாடவுன் நிலையத்தில் இறங்குக. சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் நிற்கிறது. 1819-ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து இராபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை இங்கு முதற்செங்கற்சூளையை அமைத்தவர். 1827-ஆம் ஆண்டில் இக்கோயிலை எழுப்பியவரும் அவரே. அருகிலேயே சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல். சிறிது தொலைவில் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா. இத்தெரு அக்காலத்தில் கடற்கரையாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி செலுத்திய இடங்கள் இவை. கடல் பின்வாங்கவில்லை, மனிதர் மண்ணிட்டுத் தூர்த்தனர்.

மார்க்கெட் தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்பர். நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கு வரிசையாக இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. உயர்ந்த வங்கிக் கட்டடங்களே உள்ளன. ஆனால் அவர்கள் 1859-ஆம் ஆண்டில் டேங்க் சாலையில் அமைத்த தண்டாயுதபாணி கோயில் நிலைத்தது. தைப்பூசத்தன்று காவடிகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு அக்கோயிலை அடைகின்றன. நாம் தங்கிய இடத்தையும் நகரின் நடுவிடத்தையும் ஆண்டுதோறும் கால்நடையாகவே இணைத்து வைப்பது அந்த ஊர்வலம்.

மூன்றாம் பயணம்: தோட்டத்துப் பெண்கள்

தோட்டப் பள்ளி மாணவருக்கு மிக நெருங்கிய இடம் ஒன்று டோபி காட் நிலையத்தின் அருகிலேயே உள்ளது. கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு அது. 1943-ஆம் ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஸ் சந்திர போஸ் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை அங்குதான் ஏற்றார். அக்டோபர் 21-ஆம் நாள் தற்காலிக அரசை அறிவித்ததும் அங்கேயே. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் செய்த டாக்டர் இலட்சுமி அதன் தலைவி. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். அதே காலத்தில் அத்தோட்டங்களின் ஆடவர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். பெருமையை மட்டும் கூறினால் வரலாறு பாதியாகும்.

மூன்று பத்தி முறை

இத்தகைய பயணத்தில் ஆசிரியர் அஞ்ச வேண்டுவது மிகையுரை. ஆதலின் ஒவ்வொரு மாணவனும் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வகுத்துக்கொள்ளுமாறு செய்க. முதற்பத்தி கண்டது, இரண்டாவது கேட்டது, மூன்றாவது சான்றுள்ளது. சிராங்கூன் என்னும் பெயர் சேகண்டி அடித்துத் தாக்கிய கதையினால் வந்தது என்று எவரேனும் சொன்னால் அது இரண்டாம் பத்தியில் நிற்கட்டும். ரங்கோங் என்னும் நீர்ப்பறவையால் வந்தது என்பதே பலரும் ஏற்கும் கருத்து என்பதையும் அருகில் எழுதட்டும். தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல் என்னும் கல்வெட்டுத் துண்டு உள்ளது. 1819-ஆம் ஆண்டில் ஆற்றின் முகத்துவாரத்தில் காணப்பட்ட பெரும்பாறை, 1843-ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது எஞ்சியது அது. அதன் எழுத்தை இன்றுவரை எவரும் ஐயமறப் படிக்கவில்லை. அதனைத் தமிழ் என்று சொல்லிவிடும் ஆசை நமக்கு எழும்; அடக்குக. மெய்யான சான்றுகளே நமக்குப் போதுமான அளவு உள்ளன.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் மற்றொரு காட்சி உண்டு. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்குக் கூடுவர், வீட்டுக்குப் பணம் அனுப்புவர், நண்பரைக் காண்பர். நெரிசல் என்று முகம் சுளித்து மாணவரை வேறு வழியே அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒரு பாடத்தை இழக்கிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் இன்று வேறாயின; சுமக்கும் கைகள் மாறவில்லை. அவர்களோடு இரண்டு சொல் பேசுமாறு பிள்ளைகளைப் பழக்குக.

எம் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வருகின்றன. லயங்களும் சம்பளப் பட்டியல்களும் மறைந்துவிட்டன. பாட்டன் எங்கே உழைத்தான் என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்டுவதற்கு ஊரில் ஒரு சுவரும் எஞ்சவில்லை. சிங்கையில் சுவர்கள் நிற்கின்றன. அவை அவன் பாட்டன் கட்டியவை அல்ல. ஆயினும் அவன் பாட்டனைப் போல் கப்பலேறி வந்தவர்கள் கட்டியவை. தேக்காவில் தங்கி, நகரைச் சுற்றி, மீண்டும் தேக்காவுக்குத் திரும்பும் மாணவன் அதனை அறிந்து திரும்புவானாயின், பயணச் செலவுக்கு உண்டியலில் காசு சேர்த்த பெற்றோருக்கு ஆசிரியர் தம் கடனைச் செலுத்தியவர் ஆவார்.