கெர்னல் புதுப்பித்த பிறகு கணினி திறக்கலையா? ஃபார்மேட் செய்யுமுன் படியுங்கள்



விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் உபுண்டு போன்ற லினக்ஸுக்கு மாறியவர்கள் நம் தெப்ராவ் பக்கமும் இருப்பீர்கள். இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒருநாள் “புதுப்பிக்கவா?” என்று கேட்கும், நாமும் சரி என்று அழுத்துவோம். அடுத்த முறை திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து! கடையில் “ஃபார்மேட் பண்ணிடலாமா?” என்று கேட்டால் உடனே தலையாட்டிடாதீங்க. கெர்னல் புதுப்பிப்பு உங்கள் ஹோம் பகுதியைத் தொடுவதில்லை. கேள்வித்தாளும் பாடக்குறிப்பும் பெரும்பாலும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். சிக்கல் திறக்கும் வழியில்தான்.

கணினி நான்கு படிகளில் திறக்கிறது:

1. தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ அல்லது பயாஸ் விழிக்கிறது.
2. அது கிரப் என்னும் தொடக்க ஏற்றியை அழைக்கிறது. எந்தக் கெர்னலைத் திறப்பது என்ற பட்டியல் இதனிடம் உண்டு.
3. கிரப், கெர்னலையும் (தமிழில் கருனி) அதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது.
4. கெர்னல் வட்டைத் திறந்து, உங்கள் முகப்புத் திரையைக் கொண்டுவருகிறது.

எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

“கெர்னல் பேனிக்” என்று வந்தால்

கூடவே “அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்” என்றும் இருந்தால், பெரும்பாலும் புதிய கெர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் சரியாக உருவாகவில்லை என்று பொருள். பூட் பகுதியில் இடம் நிரம்பிவிட்டால் இப்படி ஆகும்.

நல்ல செய்தி என்னன்னா, உபுண்டு பழைய கெர்னலை உடனே அழிப்பதில்லை. கணினியை முடுக்கியதும் எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். பட்டியலில் “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” சென்று, குறைந்த எண் கொண்ட கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

திறந்துவிட்டதா? முதல் வேலை, கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுப்பது. அதன்பின் டெர்மினலில் இம்மூன்றையும் வரிசையாக, ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

- சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் (தேவையில்லாத பழைய கெர்னல்களை நீக்கும்)
- சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே ஆல் (துணைக்கோப்புகளை மறுபடி உருவாக்கும்)
- சூடோ அப்டேட்-கிரப் (பட்டியலைப் புதுப்பிக்கும்)

“கிரப் ரெஸ்கியூ” என்று வந்தால்

இங்கே கெர்னல் வரைக்கும் போகவே இல்லை. கிரப் தன் சொந்தக் கோப்புகளையே கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது. வட்டின் பகுதிகளை மாற்றியமைத்தவர்களுக்கு இது வரலாம். உபுண்டு ஏற்றிய பென்டிரைவில் கணினியைத் திறந்து, “டிரை உபுண்டு” தேர்ந்தெடுங்கள்; “இன்ஸ்டால்” வேண்டவே வேண்டாம். கோப்புகளை நகலெடுத்த பிறகு, தெரிந்தவரிடம் கிரப்பை மட்டும் மறுபடி நிறுவச் சொல்லுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருந்தால்

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், பலருடைய லினக்ஸ் “செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்” என்று சொல்லித் திறக்க மறுத்தது. கெர்னல் மேல் குற்றமில்லை. கிரப்புக்கு முன் இயங்கும் ஷிம் என்ற சிறு நிரலின் பழைய பதிப்பை, செக்யூர் பூட் ஏற்க மறுத்தது. அதாவது முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே வந்த தடை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

கிரப் பட்டியல் வருகிறது. புதிய கெர்னலில் பேனிக். பழைய கெர்னலில் ஒழுங்காகத் திறக்கிறது. கிரப்பில் பழுதா? வட்டில் பழுதா? இரண்டும் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? நான்கு படிகளையும் வைத்து இரண்டே வரியில் காரணம் எழுதிப் பாருங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த புதுப்பிப்பை அழுத்துமுன் தேர்வுத்தாள்களுக்கு ஒரு நகல் எடுத்து வெச்சிருங்க.