பேய் வேடமும் நம் பிள்ளைகளும்

2024-ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாள் அக்டோபர் 31-ஆம் நாள் வந்தது. மேனாட்டார் கொண்டாடும் 'ஹாலோவீன்' விழாவும் அந்நாளே. காலையில் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்த பிள்ளைகள், மாலையில் பேய் முகமூடி வேண்டுமென்று அடம் பிடித்தால் வீட்டில் என்ன நிகழும்? "நல்ல நாளும் அதுவுமாய்ப் பேயா?" என்று பாட்டி கடிந்துகொள்வார். "என்னோடு படிப்பவர்கள் எல்லாரும் வேடமிடுகிறார்களே" என்று பிள்ளை கண் கலங்கும். இவ்விருவர்க்கும் நடுவே நிற்கும் பெற்றோரை எண்ணியே இக்கட்டுரை எழுதலாயிற்று.

முதற்கண் இவ்விழாவின் வரலாற்றை அறிதல் நன்று. அயர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்டிய மக்கள், அறுவடை முடிந்து பனிக்காலம் தொடங்கும் இரவில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என நம்பினர். பின்னர்க் கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1-ஆம் நாளைப் புனிதர் அனைவர்க்கும் உரியதாக வகுத்தது. அதற்கு முந்தைய மாலையே ஹாலோவீன். 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற அயர்லாந்துக் குடும்பங்கள் இதனையும் உடன் கொண்டு சென்றன. சொந்த ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், சென்ற இடத்தில் எளிதிற் கிடைத்த பரங்கிக்காயைக் குடைந்தனர். ஆகவே, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் வளர்த்த விழாவன்றோ இது?

காய்க்கு அச்சமூட்டும் முகம் எழுதுவது நமக்கும் புதிதன்று. புதுமனை கட்டுவோர் பூசணிக்காயில் கோரைப்பல்லும் மீசையும் தீட்டித் திருஷ்டி கழியத் தொங்கவிடுவர். வேடமிட்டு வீடுதோறும் செல்வதும் நம்மிடம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசராவின்போது அடியவர் நோன்பிருந்து காளி, குரங்கு, கரடி, அரசன் எனப் பல வேடங்கள் புனைகின்றனர். ஊர் ஊராய்க் காணிக்கை பெற்று, அதனைக் கோயில் உண்டியலிற் சேர்க்கின்றனர். மேனாட்டுக் குழந்தை மிட்டாயைத் தனக்கெனப் பெறுகிறது. குலசை அடியவரோ பெற்றதை அம்மனுக்கே அளிக்கிறார். இவ்வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் தகும்.

நாம் வாழும் புனே நகருக்கும் ஒரு பேய்க்கதை உண்டு. 1773 ஆகஸ்டு 30-ஆம் நாள், சனிவார்வாடா அரண்மனையில் இளம் பேஷ்வா நாராயணராவ் காவலராலேயே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 18. "சிற்றப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்னும் அவரது ஓலம் இன்றும் இரவில் கேட்பதாகச் சொல்வர். பேய் இருப்பினும் இல்லாவிடினும், பதவியாசை குடும்பத்தை எவ்வாறு அழிக்கும் என்பதை அக்கதை நினைவிற் கொள்ளச் செய்கிறது.

இனித் திரைப்படங்களைக் காண்போம். 1993-இல் வந்த மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்', 2005-இல் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. 2007-இல் இந்தியில் 'பூல் புலையா' ஆயிற்று. மலையாளப் படத்தில் ஆவியாகக் கருதப்படுபவள் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனமாது. தமிழ்ப் படத்தில் அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்திப் படத்திலோ அவள் வங்காளி! எம்மொழியிற் படமெடுப்பினும் பேய் மட்டும் வேற்று மொழிக்காரியாகவே இருக்கிறாள். பிறர் மண்ணில் வாழும் நாம் இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாகாது. அயலார் பேச்சு நமக்கு விளங்காதபோது அச்சம் பிறக்கிறது. நம் பேச்சைக் கேட்டு மராட்டிய அண்டை வீட்டாருக்கும் ஒருகால் அவ்வாறு தோன்றியிருக்கலாம். நம் பிள்ளை அவர்தம் பிள்ளையோடு சேர்ந்து வேடமிட்டு ஆடுமாயின், அவ்வச்சம் இரு வீட்டிலும் குறையும்.

ஆயினும் இளஞ்சிறாரை எல்லாப் பேய்ப் படங்களுக்கும் அழைத்துச் செல்லுதல் ஆகாது. 2024-ஆம் ஆண்டின் புதிய தணிக்கை விதிகள் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்துள்ளன. சீட்டு வாங்குமுன் அதனை நோக்குக.

முகமூடியைக் கடையில் வாங்குவதிலும் கையாற் செய்வதே சிறப்பு. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, மாவுப்பசை கலந்து, ஊதிய பலூன்மேல் அடுக்கடுக்காய் ஒட்டி உலர்த்தினால் உறுதியான முகமூடி கிடைக்கும். அதில் காளியையும் எழுதலாம், மேனாட்டுச் சூனியக்காரியையும் எழுதலாம். தீபாவளிக்கு மராட்டியச் சிறுவர் முற்றத்தில் மண்ணாற் கோட்டை கட்டி, சிவாஜி மகாராஜாவையும் அவர்தம் வீரர்களையும் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகளும் அவர்களோடு கூடி மண் பிசையட்டும். அக்கோட்டை வாயிலில் நம் பூசணி முகம் ஒன்று காவல் நிற்கட்டுமே!

பிள்ளையின் ஆசையைத் தடுக்குமுன் பாட்டிமார் தம் ஊர்ப் பேய்க்கதை ஒன்றைத் தமிழிற் சொல்லுக. அயல்நாட்டுப் பேய் அறிந்த குழந்தை, நம்மூர் முனியையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனைச் சொல்லித்தர வீட்டிலுள்ள முதியோரை அன்றி வேறு யார் உளர்?