உங்களுக்குத் தெரியுமா? சோர்ந்த நாளுக்கும் ஒரு சமையல்

வேலை முடிந்து வந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத இரவு, மாதக் கடைசியில் கை வறண்டுபோன வாரம், காய்ச்சலில் கிடந்து எழுந்த காலை. அப்போதும் பசி எடுக்கத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு உதவும் கைப்பக்குவங்களும் கருவிகளும் நிறையவே இருக்கின்றன.

ஒரே குக்கரில் முழுச் சாப்பாடு
கொங்கு வீடுகளின் அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தனியாகக் குழம்பு வேண்டாம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய் தாளித்து, ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குச் சற்று கூடுதலாகத் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், உப்பு போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் மூன்று நான்கு விசிலில் சாப்பாடு தயார். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் நிறைவாகிறது. கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றுதான்.

விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள்
குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் இதுதான். வெயிட் தூக்கிய பிறகு தீயைக் கூட்டினாலும் உள்ளே சூடு ஏறாது. நீராவிதான் வீணாக வெளியேறும். சிறு தீ போதும், கேஸ் மிச்சமாகும்.

புளி கடைசியில்தான்
பருப்போடு முதலிலேயே புளியைச் சேர்த்தால் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். புளிப்பு, பயறின் திசுக்களைக் கரையவிடாமல் இறுக்கிவைக்கிறது. கடினநீரும் அப்படித்தான். முதலில் பருப்பை வேகவைத்து, பிறகு புளியைக் கரைத்து ஊற்றுங்கள்.

ஊறவைக்க மறந்துவிட்டதா?
கொண்டைக்கடலை இரவு முழுக்க ஊறியிருக்க வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடிவையுங்கள்; பிறகு குக்கரில் வழக்கத்தைவிடச் சில விசில் கூடுதலாக விட்டால் வெந்துவிடும். ஊறும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போட்டால் தோலும் மென்மையாகும்.

அடுப்பே வேண்டாத ரசம்
பச்சைப்புளி ரசத்தைக் கொதிக்கவைப்பதில்லை. புளியைக் கரைத்து, தட்டிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அல்லது சுட்ட வரமிளகாய், சீரகம், கொத்தமல்லித்தழை, உப்பு, துளி வெல்லம் சேர்த்துக் கையால் பிசைந்துவிட்டால் முடிந்தது. சுடுசோறு மட்டும் இருந்தால் போதும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அடுப்படியில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய துணை.

ஏற்கெனவே வெந்தவை
அவல், நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துச் செய்தது. அதனால் மறுபடி வேகவைக்கத் தேவையில்லை. மெல்லிய அவலைத் தண்ணீரில் அலசினாலே போதும். கெட்டி அவலுக்குச் சில நிமிடம் ஊறல். தயிரும் உப்பும், அல்லது வெல்லமும் தேங்காய்த்துருவலும் சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு. பொட்டுக்கடலையும் வறுபட்டதுதான், பொடித்து வைத்துக்கொண்டால் சட்னிக்கும் ஆகும், குருமாவைக் கெட்டியாக்கவும் ஆகும்.

நிலக்கடலையின் கணக்கு
100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். அவித்த கடலை ஒரு கைப்பிடியும் ஒரு வாழைப்பழமும் இருந்தால், சமைக்க முடியாத மாலையை வெறும் டீயும் பிஸ்கட்டுமாகக் கழிக்க வேண்டியதில்லை.

எலுமிச்சையின் வேலை
கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் அவ்வளவு எளிதாக ஏற்காது. ஒரு மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி அந்த வேலையை எளிதாக்குகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மீந்த சோறு, கவனம்
சோற்றை வெகுநேரம் அப்படியே வெளியில் வைத்தால் அதில் சில பாக்டீரியாக்கள் நஞ்சை உண்டாக்கக்கூடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே ஆறியதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழைய சோற்றின் வழி வேறு: தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி அதைப் புளிக்கவைக்கின்றன. ஆறிய சோற்றில் அன்று இரவே நல்ல தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட வேண்டும்.

பக்கத்தில் நிற்காமலே வேகும்
வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910-இல் இக்மிக் குக்கரை உருவாக்கினார். அடுக்கடுக்கான பாத்திரங்களில் அரிசி, பருப்பு, காய்கறியை வைத்து, அடியில் கரி நெருப்பைப் போட்டு மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். தமிழ்நாட்டில் தாத்தா தலைமுறை அறிந்திருந்த ருக்மணி குக்கரும் அந்த வகைதான். இன்று பாத்திரக்கடைகளில் கிடைக்கும் தெர்மல் குக்கர் இன்னும் ஒரு படி மேல்: அரிசியைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து உள்ளே வைத்து மூடினால், அடுப்பில்லாமலே மிச்சமும் வெந்துவிடும். கேரளத்தில் இதைச் சூடாறாப்பெட்டி என்கிறார்கள்.

தானே அணையும் குக்கர்
ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955-இல் தானியங்கி மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து சுவிட்ச் விழுந்துவிடும். அதைச் செய்த பொறியாளர் மினாமி யோஷிததாவுக்காக நாள்தோறும் சோறு வடித்துச் சோதித்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ.

மேகியின் பழைய கதை
சுவிட்சர்லாந்தில் ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குச் சமைக்க நேரமில்லாமல் குடும்பமே சத்துக் குறைந்து வாடியது. அவர்களுக்காக ஜூலியஸ் மேகி 1880-களில் பட்டாணியையும் பயறையும் மாவாக்கி, விரைவில் தயாராகும் சூப் பொடிகளைக் கொண்டுவந்தார். அவர் பெயரைத் தாங்கிய நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1983-இல். இன்றும் நூடுல்ஸில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு பிடி பட்டாணி போட்டால் அந்த முதல் நோக்கம் கொஞ்சம் நிறைவேறும்.

உட்கார்ந்தே சமைக்கலாம்
12 பிள்ளைகளைப் பெற்ற அமெரிக்கப் பொறியாளர் லில்லியன் கில்பிரெத், சமையலறையில் வீணாகும் ஒவ்வொரு எட்டையும் குறைக்க ஆராய்ந்தவர். இதய நோயுள்ள பெண்களுக்கான மாதிரிச் சமையலறையை வடிவமைப்பதிலும் அவர் பங்கு உண்டு. உட்கார்ந்து செய்யும் வேலை உடலை அவ்வளவாகக் களைப்பாக்காது. மேடைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் உட்கார முடிந்தவர்களுக்கு அரிவாள்மணை இருக்கவே இருக்கிறது.

கரண்டிக் கணக்கு
லூபஸ் நோயோடு வாழும் கிறிஸ்டின் மிசராண்டினோ, தன் களைப்பைத் தோழிக்கு விளக்க ஓர் உணவகத்தின் ஸ்பூன்களைத் திரட்டிக் கையில் கொடுத்தார். குளிக்க ஒரு ஸ்பூன், உடுத்த ஒரு ஸ்பூன் என்று திரும்ப எடுத்துக்கொண்டே வந்தார். 2003-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரை உலகெங்கும் நோயாளிகளின் பேச்சாகிவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது 'முடியவில்லை' என்றால் நம்புங்கள். அவர்கள் கையில் இருந்த ஸ்பூன்கள் அன்றைக்குத் தீர்ந்துவிட்டன.

விலை குறைந்த தட்டு
சென்னையில் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என விலை வைத்தார்கள். சமைக்கத் தெம்பில்லாத நாளில் அங்கே போய்ச் சாப்பிடுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். குறைந்த விலையில் வயிறு நிறையத்தான் அதைத் திறந்தார்கள்.

உப்புமாவும் பொங்கலும்
2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலைப் பாருங்கள்: உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். ஒரே பாத்திரத்தில் கிளறி இறக்கும் பண்டங்கள். விடிவதற்குள் பெருமளவில் ஆக்கிவிடலாம், வயிறும் நிறையும். பள்ளிப் பிள்ளைகள் தெம்பாக உட்கார்ந்து படிக்க அந்த உப்புமா போதுமென்றால், களைத்து வந்த உங்களுக்கு இன்றிரவு அது தாராளமாகப் போதும். 'இன்று உப்புமாதான்' என்று தயங்கிச் சொல்லாதீர்கள். சூடாகத் தட்டில் போட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.