நிழற்பட ஒட்டுக்கலைஞர் விவான் சுந்தரம்

துணியை அளவறிந்து வெட்டுதலும், வெட்டிய துண்டுகளைப் பொருத்தித் தைத்தலும் திருப்பூர் மக்கள் நன்கறிந்த தொழில்களாகும். பின்னப்பட்டு வரும் துணி, உடற்பகுதி, கை, கழுத்துப்பட்டை எனத் தனித்தனியே வெட்டப்பெற்று, மீண்டும் இணைந்த பின்னரே பனியனாகிறது. இவ்வாறே நிழற்படங்களை வெட்டி இணைத்துப் புதியதொரு படத்தை ஆக்கும் கலை ஒன்று உண்டு. மேனாட்டார் அதனைப் போட்டோமாண்டாஜ் என்பர். நாம் அதனை நிழற்பட ஒட்டுக்கலை எனலாம்.

இக்கலை, முதல் உலகப்போரின் இறுதிக் காலத்தை அடுத்து ஜெர்மனியில் வளர்ந்தது. அங்கே இதனைப் பெரும் படைக்கலமாக ஏந்தியவர் ஜான் ஹார்ட்பீல்டு (1891-1968) என்பார். 1932ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய படமொன்றில், முழங்கிப் பேசும் ஹிட்லரின் உடலுக்குள்ளே முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பொற்காசுகள் அடுக்கப்பட்டுள்ளன. பேச்சின் பின்னே பணம் நிற்கிறது என்பதை அப்படம் சொல்லாமற் சொல்லிற்று. 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் ஹார்ட்பீல்டு தாய்நாட்டை விட்டுத் தப்பியோட நேர்ந்தது. கத்தரிக்கோலும் பசையும் கொடுங்கோலரை அஞ்சச் செய்தன என்றால், இக்கலையின் ஆற்றலை என்னென்பது!

நம் நாட்டில் இக்கலையைச் சிறப்புறக் கையாண்டவருள் ஒருவர் விவான் சுந்தரம். அவர் 1943ஆம் ஆண்டு சிம்லாவில் பிறந்தார். தந்தையார் கல்யாண் சுந்தரம், 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கியவர். தாயார் இந்திரா, புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கையாவார். விவான் பரோடாவிலும், பின்னர் இலண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியிலும் ஓவியம் பயின்றார். 1991ஆம் ஆண்டில் இயந்திர எண்ணெயையும் கரியையும் கொண்டு தாளின்மீது படைப்புகளை ஆக்கினார். வண்ணமும் தூரிகையுமே ஓவியம் என்னும் எல்லையை அவர் இவ்வாறு கடந்தார்.

பெரியம்மையாராகிய அம்ரிதாவை விவான் கண்டதில்லை. அவ்வம்மையார் 1941ஆம் ஆண்டிலேயே, இருபத்தெட்டாம் வயதில், மறைந்துவிட்டார். ஆனால் விவானின் தாய்வழிப் பாட்டனார் உம்ராவ் சிங் ஷெர்கில் (1870-1954) குடும்பத்தாரைப் பல்லாண்டுகள் நிழற்படம் எடுத்து வைத்திருந்தார். அப்படங்களைக் கணிப்பொறியின் துணையால் இணைத்து, 2001ஆம் ஆண்டு முதல் ஒரு படத்தொகுதியை விவான் ஆக்கினார். ‘அம்ரிதாவை மீண்டும் எடுத்தல்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊரில் எடுத்த உருவங்கள் அதில் ஒருங்கே கூடி நிற்கின்றன. காலம் பிரித்தவரைக் கலை கூட்டுவித்தது.

2011ஆம் ஆண்டில் கழித்தெறிந்த பொருள்களையும் மருத்துவப் பொருள்களையும் கொண்டு ஆடைகள் அமைத்து அவர் காட்சிக்கு வைத்தார். வெட்டுக்கழிவை எறியாது மீண்டும் நூலாக்கும் திருப்பூரார்க்கு இக்கருத்துப் புதிதன்று. கலைப்பணி பல ஆற்றிய விவான் 2023ஆம் ஆண்டு காலமானார்.

படங்களை ஒட்டுதல் பொய்யன்றோ என்று மாணவர் வினவலாம். அது நல்ல வினாவே. ஹார்ட்பீல்டும் விவானும் தம் படங்கள் ஒட்டியவை என்பதை மறைத்தாரல்லர். காண்பவர் அதனை உணர்ந்து சிந்திக்க வேண்டும் என்றே விழைந்தனர். ஒட்டியதை மறைத்து, நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டி, ஒருவர் பெயரைக் கெடுப்பதே பொய்யாகும். இன்று கைப்பேசி உள்ளவர் எவரும் நொடிப்பொழுதில் ஒரு முகத்தை வேறோர் உடலில் பொருத்திவிடலாம். ஆதலின், ஆடையை வாங்குமுன் தையலைப் புரட்டிப் பார்ப்பதுபோல, படத்தை நம்புமுன்னும் பிறர்க்கு அனுப்புமுன்னும் அதன் இணைப்பை ஆராய்தல் நம் கடமையாம்.