உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலச் சொல் செக் மொழிக்குப் போகும் வழியில்…

● இந்தப் பத்தியின் தலைப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். நமக்கு 'தெரியும்' என்ற ஒரு சொல் போதும். செய்தி தெரியும், ஆளைத் தெரியும், நீச்சல் தெரியும். செக் மொழிக்காரரிடம் இதைச் சொன்னால், எந்தத் 'தெரியும்' என்று கேட்பார். செய்தியாகத் தெரிந்தால் 'வியெத்யெத்'. ஆளையோ ஊரையோ பழகித் தெரிந்தால் 'ஸ்நாத்'. கற்றுக் கைவந்த திறமை என்றால் 'உம்ன்யெத்'. நம் தலைப்புக்குப் பொருத்தம் முதலாவதுதான்.

● பிராகாவில் யாரிடமாவது வழி கேட்கிறீர்கள். தலையசைத்துக்கொண்டே "நோ, நோ" என்கிறார். மனம் தளர வேண்டாம், அவர் ஆமோதிக்கிறார். செக்கில் 'ஆம்' என்பதற்கு முழுச் சொல் 'அனோ'. பேச்சுவழக்கில் 'நோ' என்றாலே 'ஆமாம்பா'. 'இல்லை' என்பது 'நெ'.

● உடல் உறுப்புகளில் ஆங்கிலம் கணக்குப் பார்க்கும். மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்', அதற்கு மேலே 'ஆர்ம்'. செக்கில் தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரே 'ருக்கா', நம் 'கை' போலவே. இடுப்புக்குக் கீழே முழுவதும் 'நொஹா', நம் 'கால்'. கைவிரலுக்கும் கால்விரலுக்கும் ஆங்கிலம் தனித்தனிப் பெயர் வைத்தது. செக்கில் இரண்டும் 'ப்ர்ஸ்த்'. நமக்கும் இரண்டும் விரல்தான். 'ப்ர்ஸ்த்' என்ற சொல்லில் உயிரொலியே கிடையாது. ஓநாய் 'வ்ல்க்', கழுத்து 'க்ர்க்'. மெய்யை இயக்க உயிர் வேண்டும் என்று படித்த நமக்கு இது வியப்புதான். அங்கே 'ர்', 'ல்' இரண்டுமே உயிரின் வேலையைச் செய்துவிடுகின்றன.

● "ஐ ஆம் கோல்ட்" என்று ஆங்கிலத்தில் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் செக்கில் பெயர்த்தால், 'நான் குளிர்ச்சியான ஆள்' என்றாகிவிடும். சரியான வாக்கியம் 'யெ மி ஸிமா'. இதில் 'மி' என்பது 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். ஒரு பொருள் பிடித்திருந்தால் 'லீபி செ மி', அங்கேயும் 'எனக்கு'. வயதைச் சொல்லும்போதும் 'எனக்கு இருபது வயது' என்ற அமைப்பே வருகிறது.

ஆங்கிலத்தில் குளிருக்கும் விருப்பத்துக்கும் வயதுக்கும் 'நான்' முன்னால் வந்து நின்றுகொள்கிறது. செக்கிலும் தமிழிலும் அவை வெளியிலிருந்து நம்மை வந்தடைகின்றன. நான்காம் வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது ஐரோப்பாவின் நடுவில் கைகொடுக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பல வாரம் தடுமாறும் இந்த இடத்தைத் தமிழர் ஒரே நாளில் தாண்டிவிடலாம். ஆனால் தமிழரும் செக் மொழியை ஆங்கில வழியாகவே படித்து, இந்த நல்ல வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

● ஆங்கிலத்தின் 'எ', 'தி' இரண்டும் செக்கில் இல்லை. பிறகு 'ஏதோ ஒரு புத்தகம்', 'நாம் பேசிய அந்தப் புத்தகம்' என்ற வேறுபாட்டை எப்படிக் காட்டுவது? சொல்லின் இடத்தை மாற்றித்தான். "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்றால் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்குத் தெரியும். "மேசைமேல் புத்தகம் இருக்கிறது" என்றால் புத்தகம் புதிய செய்தி. இதே இடமாற்றத்தைத்தான் செக்கும் செய்கிறது. தெரிந்தது முன்னால், புதியது பின்னால்.

இதை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு நுணுக்கமாக ஆராய்ந்தவர் விலேம் மதேசியுஸ் (1882–1945). பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகச் செக் பிரிவில் ஆங்கிலத்துக்கு முதல் பேராசிரியர். 1926-இல் பிராக் மொழியியல் வட்டம் உருவானதும் அவர் முயற்சியால்தான். பார்வை பெரும்பாலும் போய்விட்ட நிலையிலும், பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

● "நேற்று வந்தேன்" என்று நாம் சொன்னால், பேசியவர் ஆணா பெண்ணா என்று வாக்கியம் காட்டிக்கொடுக்காது. ஆங்கிலத்திலும் அப்படியே. செக்கில் ஆண் சொன்னால் 'ப்ர்ஷிஷெல்', பெண் சொன்னால் 'ப்ர்ஷிஷ்லா'. 'நான்' என்று கதை சொல்பவர் யாரென்று கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்கும் ஆங்கில நாவலைக் கையில் எடுத்த செக் மொழிபெயர்ப்பாளரை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. இறந்தகால வினை வந்த முதல் வரியிலேயே அவர் முடிவெடுத்தாக வேண்டும்.

● 'யூ'வைச் செக்கில் பெயர்ப்பதற்கு முன் உறவைக் கேட்க வேண்டும். நண்பனுக்கும் குழந்தைக்கும் 'தி', மரியாதைக்குரியவருக்கு 'வி'. நம் நீயும் நீங்களும்தான்.

● ஒரே எழுத்துக்கூட்டல், வேறு பொருள். இந்த வலையில் விழாதவர் குறைவு. ஆங்கிலத்தில் வருத்தத்தைச் சொல்லும் 'சேட்', அதே எழுத்துகளோடு செக்கில் பழத்தோட்டம். 'மோஸ்ட்' பாலம். 'ஹேட்' பாம்பு. கதைக்கு 'ப்ளாட்' ஆங்கிலத்தில். செக்கில் அது வேலி. பியர் வகையைக் குறிக்கும் 'ஏல்' அங்கே வெறும் 'ஆனால்'. எல்லாவற்றிலும் அழகானது 'ஹோஸ்ட்'. ஆங்கிலத்தில் விருந்து கொடுப்பவர், செக்கில் விருந்தாளி! இரண்டும் ஒரே தொல்வேரிலிருந்து பிரிந்தவை. வாசலுக்கு ஒருபுறம் ஒன்று, மறுபுறம் ஒன்றாக நின்றுவிட்டன.

● பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் எய்ட்' என்றால் எட்டரை. அதைச் செக்கில் வார்த்தைக்கு வார்த்தை 'பூல் ஒஸ்மே' என்று பெயர்த்தால் ஏழரை ஆகிவிடும். எட்டாவது மணியில் பாதி கடந்தது என்பது செக் கணக்கு. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருக்க நேரிடும்.

● 'ரோபோ' ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறோம். அது செக் மண்ணிலிருந்து போனது என்பது பலருக்கும் தெரிந்திருக்கலாம். நூல் 1920-இல் வந்த கரெல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம். பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். பண்ணையாருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பின் பெயர் 'ரொபொத்தா'. அதிலிருந்து பிறந்தது சொல்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. அந்தச் சொல்லை இன்று ஆங்கிலத்திலிருந்து செக்குக்குத் திருப்பிக் கொண்டுவரும்போது, ரோபோவுக்கு உயிர் உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டும். செக்கின் ஆண்பால் பெயர்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரியும். நம் திணை போல என்று சொல்லலாம். ஆனால் அங்கே விலங்குகளும் உயிருள்ளவற்றோடு சேரும். சாபெக்கின் நாடகத்தில் பன்மை 'ரொபொத்தி', உயிருள்ளவர்களுக்கு உரியது. சமையலறையில் மாவு பிசையும் இயந்திரங்களானால் எழுத்தில் கடைசி உயிர் மாறும், அதற்கு முந்தைய மெய்யின் ஒலியும் மாறி உயிரற்றதாகிவிடும். அடிமைகளாய் உழைத்து எதிர்த்தெழுந்தவர்களுக்குச் சாபெக் உயிருள்ள பன்மையைக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு காட்டவே வழியில்லை.

● போய்த் திரும்பிய இன்னொரு சொல் 'டனல்'. சுரங்கப்பாதை என்ற பொருளில் செக்குக்கு வந்தது. 1990-களில் அரசு நிறுவனங்கள் தனியார்மயமானபோது, நிர்வாகிகளே உள்ளிருந்து குடைந்து சொத்தைக் கடத்தினார்கள். செக் மக்கள் அதற்கு 'துனெலொவத்' என்று வினை உண்டாக்கினார்கள். அந்தப் பொருளோடு சொல் மீண்டும் ஆங்கிலத்துக்குப் போய், பொருளாதார ஆய்வுகளில் கலைச்சொல்லாக உட்கார்ந்துகொண்டது.

● ஹாரி பாட்டரை எழுதியவர் பெயர் செக் அட்டையில் 'ரௌலிங்கொவா'. பெண்ணின் குடும்பப் பெயருக்கு 'ஓவா' விகுதி சேர்ப்பது மரபு. செக் பெண்கள் விகுதியில்லாத வடிவத்தைத் தடையின்றித் தேர்ந்துகொள்ளச் சட்டம் 2022-இல்தான் இடம் தந்தது. மெடெக் சகோதரர்களின் மொழிபெயர்ப்பில் ஹாக்வார்ட்ஸ் பள்ளி 'ப்ரதவித்ஸெ' ஆனது. ஆங்கிலப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் மருவை அவர்கள் விடவில்லை. அந்தச் செக் சொல்லுக்கும் மரு என்றே பொருள்.

● ஹைட்ரஜன் செக்கில் 'வொதீக்'. தண்ணீருக்கு 'வொதா'. அலுமினியம் 'ஹ்லினீக்', களிமண்ணிலிருந்து வந்த பெயர். கம்ப்யூட்டர் 'பொச்சீத்தாச்', எண்ணிக் கணக்கிடுவது. 19-ஆம் நூற்றாண்டில் வேதியியலுக்குச் செக்கில் பெயரிட்டவர்கள் ஆக்கிய சொற்களைச் சிறுவர்கள் இன்றும் வகுப்பில் சொல்கிறார்கள். நம் கணினி தெருவுக்கு வந்துவிட்டது. ஹைட்ரஜனுக்கான நீரகமோ அகராதியிலேயே காத்திருக்கிறது. அதை எண்ணும்போது ஏக்கமாக இருக்கிறது.

● ஆங்கிலத்தின் 'சிப்ளிங்'குக்குச் செக்கில் 'சௌரொஸெனெத்ஸ்'. பிரித்தால் 'உடன் பிறந்தவர்'. உடன்பிறப்பு! பழைய செக்கில் தாயின் சகோதரருக்குத் தனிப்பெயரும் இருந்தது, 'உயெத்ஸ்'. இன்று அந்தத் தாய்மாமன் சொல் வழக்கொழிந்து, சித்தப்பாவும் மாமாவும் ஒரே 'ஸ்த்ரீத்ஸ்' ஆகிவிட்டார்கள்.

● கடைசியாக ஜன்னல். ஆங்கிலத்தின் 'விண்டோ' பழைய ஸ்கண்டிநேவியர் பேச்சிலிருந்து வந்தது. பொருள் 'காற்றின் கண்'. செக்கில் 'ஒக்னோ', கண்ணுக்குப் பெயர் 'ஒக்கோ'. தமிழில் பழைய பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகர மாளிகைகளைக் காட்டும்போது, மானின் கண்போல் அமைந்த காலதர் என்கிறது. காற்றும் கண்ணும் அங்கே ஒன்றாக வந்துவிட்டன. அந்தக் காப்பியத்தைச் செக் மொழியில் பெயர்த்தவர் பிராகாவில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில்.