ஒரே பிரதி, பதினான்கு வீடுகள்

கதை எழுதிப் பார்த்தவர்களுக்கும் படம் போட்டுப் பார்த்தவர்களுக்கும் ஒன்று தெரியும். எழுதி முடித்த அன்று இரவு தூக்கம் வராது. யாரிடமாவது காட்டியாக வேண்டும். சொந்த ஊரில் இருந்தால் தமிழ் வாத்தியார் இருப்பார், கிளை நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் இருப்பார், எதிர்வீட்டு அண்ணன் இருப்பார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு? பக்கத்து வீட்டில் கன்னடம், மாடியில் மலையாளம், கீழே தெலுங்கு. எல்லோரும் நல்லவர்களே. ஆனால் நாம் எழுதிய நாலு பக்கத்தை யாரிடம் நீட்டுவது? பெங்களூரில் லட்சக்கணக்கில் தமிழர்கள் இருக்கிறோம். ஆனாலும் நம்மைப் போலவே இரவில் பேனாவும் கையுமாக இன்னொருவர் எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சில சமயம் பத்து வருடம் ஆகிவிடுகிறது.

அப்படிக் கண்டுபிடித்த சிலர் சேர்ந்து நடத்திய ஒரு கையெழுத்துப் பத்திரிகையைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். அதன் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். புனைபெயரில் எழுதிய சிலர் இன்றும் புனைபெயரிலேயே இருக்க விரும்புகிறார்கள்.

இளைய தலைமுறைக்காகக் கையெழுத்துப் பத்திரிகை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள் தாங்களே எழுதி, தாங்களே படம் வரைந்து, தைத்து, கைமாற்றிப் படிக்கும் ஏடு அது. தமிழில் இதற்குப் பெரிய வரலாறு உண்டு. கலைஞர் கருணாநிதி 1941-இல் திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது நடத்திய 'மாணவ நேசன்' கையெழுத்துப் பத்திரிகைதான். கவிஞர் வாலி இளமையில் நண்பர்களோடு சேர்ந்து 'நேதாஜி' என்று ஒன்று நடத்தினார். அதன் முதல் பிரதியைக் கல்கி வெளியிட்டார். ஒரே பிரதியை 'முதல் பிரதி' என்று சொல்லி வெளியிடுவதில் உள்ள குறும்பை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இந்த ஊரில் அதற்கு நல்ல நிலம் அமைந்தது பொதுத்துறைத் தொழிற்சாலைகளால். 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல். என்று வரிசையாக வந்தன. சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் நம்மவர்கள் ரயிலேறி வந்தார்கள். அவர்களில் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தவர்கள் தனி ரகம். பகலெல்லாம் பற்சக்கரத்துக்குக் கோடு போட்ட கை, சாயங்காலம் குதிரை வரையத் துடிக்கும்.

பகலில் பொறியியல், இரவில் எழுத்து என்று வாழ்ந்தவர்களில் நம் ஊருக்குப் பெருமை சேர்த்தவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், 1970-களில் ஜாலஹள்ளி பி.இ.எல்.லில் பொறியாளராக இருந்துகொண்டே தமிழ்நாடு முழுவதும் காத்திருந்து படித்த தொடர்களை எழுதினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தொழிற்சாலை பஸ் எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம், "அவருக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?" என்று நாங்கள் பொறாமையோடு பேசிக்கொள்வோம்.

எங்கள் ஏடு 1981 பொங்கலன்று தொடங்கியது. முதலில் நான்கு பேர். அல்சூரில் ஒரு வாடகை நூலகத்தில் பழைய வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த புத்தகங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு அறிமுகமானவர்கள் நாங்கள். ஒரு வருடத்தில் பதினான்கு வீடுகளாயின. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஜாலஹள்ளி, தூரவாணி நகர், ஜெயநகர் என்று ஊரைச் சுற்றிய வட்டம் அது. ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். ஆக இருபத்தெட்டு நாளில் ஏடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். தபாலில் அனுப்புவதில்லை, ஒரே பிரதி தொலைந்தால் என்ன செய்வது? டிபன் பாக்ஸ் பையில் வைத்து பி.டி.எஸ். பஸ்ஸில் கைமாற்றுவோம். சில இதழ்களில் இன்றும் சாம்பார்க் கறை இருக்கிறது. மாதம் ஒன்று என்பது கணக்கு. நடைமுறையில் ஆண்டுக்கு எட்டோ ஒன்பதோதான் வந்தது.

இரண்டே சட்டங்கள் வைத்திருந்தோம். தாமதப்படுத்தினால் நாளுக்கு ஐம்பது காசு அபராதம். படித்தவர் யாராக இருந்தாலும் கடைசிப் பக்கங்களில் குறைந்தது இரண்டு வரி கருத்து எழுத வேண்டும். 'நன்று', 'அருமை' என்று மட்டும் எழுதினால் செல்லாது. முதல் சட்டம் நாலு மாதத்தில் செத்துப்போனது. இரண்டாவது சட்டம்தான் பத்திரிகையைக் கடைசிவரை காப்பாற்றியது என்பேன்.

எங்களில் நன்றாக எழுதியவர் கும்பகோணத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த ஓர் இல்லத்தரசி. நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்றுதான் அழைப்போம். வீட்டில் அவர் எழுதுவது மாமனாருக்குப் பிடிக்காது. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து கதை எழுதிக்கொண்டு வருவார். சென்னை வார இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். தபால்தலை ஒட்டிய உறைக்குள் 'வருந்துகிறோம்' சீட்டோடு எல்லாம் திரும்பி வந்தன. காரணம் ஒரு வரி எழுதியிருந்தால்கூட அவர் திருத்திக்கொண்டிருப்பார். எங்கள் ஏட்டில் அவருடைய மூன்றாவது கதைக்கு ஜாலஹள்ளி நண்பர் எழுதிய கருத்து இது: "கடைசி ஒரு பக்கத்தை எடுத்துவிடுங்கள். அவள் கதவைத் தாழிட்டதோடு கதை முடிந்துவிட்டது." அக்கா அடுத்த சுற்றில் அதற்குப் பதில் எழுதினார்: "நான்கு நாளாக உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இன்று எடுத்துவிட்டேன்." முகம் பார்க்காத இருவர் கடைசிப் பக்கத்தில் இப்படி ஆறு வருடம் பேசிக்கொண்டார்கள். பிறகு ஓர் ஆயுத பூஜையன்று நேரில் சந்தித்தபோது இருவருக்கும் பேச்சே வரவில்லை!

படம் போட எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு கன்னடக்காரர். அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். 'மேஷ்ட்ரே' என்று கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத்துத் தெரியாது. ஆகவே கதையை யாராவது வாய்விட்டுப் படிக்க, அவர் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டுப் படம் போடுவார். ஒருமுறை அக்காவின் கதையில் வரும் வீட்டை மலைநாட்டுப் பாணியில், முற்றம் நிறைய பாக்கு காயப்போட்டு வரைந்துவிட்டார். "எங்கள் ஊரில் ஏது பாக்கு? வாசலில் திண்ணை எங்கே?" என்று அக்கா கேட்க, திண்ணை என்றால் என்ன, அது எவ்வளவு உயரம், யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது, மத்தியானத்தில் அதில் யார் தூங்குவார்கள் என்று அரைமணி நேரம் விளக்கம் நடந்தது. மேஷ்ட்ரு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் கதையில் இல்லையே, ஏன் எழுதவில்லை?" என்று ஒரு போடு போட்டார். அக்காவின் எழுத்து மாறியது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். மேஷ்ட்ரும் தலைப்புகளைப் பார்த்து வரைந்து வரைந்தே தமிழ் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். 'ழ' மட்டும் அவர் கையில் எப்போதும் ஒரு பறவை மாதிரியே வரும்.

நாங்கள் இப்படி விளையாடிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்த ஊரில் தீவிரமான இலக்கியமும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழவனும் நண்பர்களும் இங்கிருந்துதான் 'படிகள்' சிற்றிதழை நடத்தினார்கள். தொலைபேசித் துறையில் பணியாற்றிய பாவண்ணன், கதைகள் எழுதியதோடு கன்னட நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். பைரப்பாவின் நாவலைப் 'பருவம்' என்று மொழிபெயர்த்ததற்குச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். அவர்களோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்ள மாட்டேன். ஆனால் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களை இளக்காரமாகப் பார்ப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. கச்சேரி செய்பவர்கள் மட்டும்தான் பாட வேண்டுமென்றால் வீட்டில் தாலாட்டு யார் பாடுவது?

நிற்க. 1991 டிசம்பருக்கு வருகிறேன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி இங்கே நடந்த கலவரத்தை அப்போது இந்த ஊரில் இருந்தவர்கள் மறக்கவில்லை. விவரிக்க எனக்கு விருப்பமும் இல்லை. எங்கள் வட்டத்தில் இரண்டு குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டன. அந்த மாத ஏடு அப்போது படத்துக்காக மேஷ்ட்ரு வீட்டில் இருந்தது. ஊரடங்கு தளர்ந்த மறுநாளே அவர் சைக்கிளில் அல்சூர் வந்தார். அதுவரை வந்த இதழ்கள் அத்தனையும் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. "என்னிடம் கொடுங்கள், என் வீட்டில் இருக்கட்டும்" என்றார். இரண்டு நடையாகச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போய்த் தம்முடைய பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் அடுக்கி வைத்தார். ஐந்து மாதம் ஏடு வரவில்லை. அடுத்து வந்த இதழின் அட்டையில் அவர் ஒரு திண்ணையை மட்டும் வரைந்திருந்தார். ஆள் யாரும் இல்லை.

அதே 1991-இல் அல்சூர் ஏரிக்கருகே திறக்கப்பட வேண்டிய திருவள்ளுவர் சிலையைப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஷ்ட்ரு நோட்டோடு வந்து வள்ளுவர் எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். வேடிக்கை பார்த்த பையன்கள் "தாத்தா, மூக்கு சரியாக வரவில்லை" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏடு 1997-இல் நின்றுபோயிருந்தது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. தொலைக்காட்சித் தொடர்கள் வந்தன, பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு வந்தது, சிலர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்கள். வரைகிறவர்களுக்கு மட்டும் சேர்ந்து உட்கார வேறு வழிகள் பிறந்தன. குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் சித்ர சந்தைக்குப் போயிருப்பீர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதி நடந்தது 22-ஆவது சந்தை. 2021-இல் மட்டும் கொரோனாவால் அதைக் கணினித் திரையில் நடத்தினார்கள். பார்த்தேன், மனசு ஒட்டவில்லை. சந்தையில் நாம் வாங்குவதைவிட, சாலையோரத்தில் கடை விரித்த ஓவியர்கள் ஒருவர் படத்தை ஒருவர் எட்டிப் பார்த்து "இந்தப் பச்சை எப்படிக் கலந்தீர்கள்?" என்று கேட்டுக்கொள்வதைக் கவனியுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால்தான் அது காதில் விழும். பிறகு கூட்டம், பேரம்!

சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் தொடங்கிவைத்த நகர ஓவியர் இயக்கத்தின் பழக்கமும் இங்கே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஓரிடத்தில் கூடி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வரைந்து, கடைசியில் எல்லா நோட்டுகளையும் தரையில் பரப்பி வைத்துச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கப்பன் பூங்காவில் ஒரு ஞாயிறு இப்படிப் பார்த்தபோது எங்கள் கடைசிப் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே ஒரு குறை. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. கைப்பேசியிலும் அப்படித்தான், படம் அனுப்பினால் கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரல் ஒரு கருத்தா?

எங்கள் ஏட்டை 2022-இல் மறுபடி எழுப்பியது அக்காவின் பேத்தி. ஒயிட்ஃபீல்டில் கணினி வேலை. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. பாட்டியின் கண் மங்கத் தொடங்கியதும், "பாட்டி எழுதினதை இனி யார் எனக்குப் படித்துச் சொல்வார்கள்?" என்று மேஷ்ட்ரு வீட்டுக்கே போய்விட்டாள். நூற்றுப் பதினேழு ஏடுகள் மிஞ்சியிருந்தன. பந்துமுனைப் பேனா எழுத்து பல இடத்தில் வெளுத்துவிட்டது. கிழிசலுக்கு நாங்கள் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்திருந்தது. (வீட்டில் பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்கள் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள்; வெயில் படாமல் வைத்து, முதலில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.) பேத்தி பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். பாட்டி ஞாபகத்திலிருந்தும் நாங்கள் காகிதத்திலிருந்தும் படிக்க, அவள் குரலைப் பதிவு செய்தாள். கதவைத் தாழிட்டதோடு முடியும் அந்தக் கதையைக் கேட்டபோது, "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?" என்றாள். எடுத்துவிட்ட அந்தக் கடைசிப் பக்கம் முப்பத்தெட்டு வருடம் கழித்தும் அக்காவுக்கு மனப்பாடமாக இருந்தது. சொன்னார். ஜாலஹள்ளி நண்பர் இருந்திருந்தால் மறுபடி சண்டை வந்திருக்கும்.

இப்போது ஒன்பது வீடுகள். பேத்தி ஞாயிறு காலையில் தமிழ் எழுத்துப் பழகுகிறாள். சொல்லித் தருகிறவர் மேஷ்ட்ரு. அதனால் அவளுடைய 'ழ'வும் பறவை மாதிரிதான் இருக்கிறது. இந்த மாத ஏடு தூரவாணி நகரில் நான்கு நாளாகத் தங்கிவிட்டது. அபராதம் இப்போது நாளுக்குப் பத்து ரூபாய். சேர விரும்புகிறவர்கள் சங்க நூலகத்தில் என்னைச் சனிக்கிழமை மாலை பார்க்கலாம். வரும்போது எழுதியதையோ வரைந்ததையோ ஒன்று கொண்டு வாருங்கள்.