யந்திரம் ஒழுகிய கதை

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருக்கும் பெரியவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மிகவும் மரியாதை தெரிந்த மனிதர். ஆகையால் உடனே விஷயத்துக்கு வந்துவிடவில்லை. மழையைப் பற்றி விசாரித்தார். என் பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரித்தார். கடைசியில், "வாத்தியார் ஸார்! எங்கள் சமையலறையில் மேலே ஈரம் கசிந்து தேசப் படம் மாதிரி விழுந்திருக்கிறது. நேற்று வரையில் இலங்கைத் தீவு அளவில்தான் இருந்தது. இன்று காலையில் பார்த்தால் இந்தியா முழுவதும் வந்துவிட்டது. தாங்கள் ஒரு தடவை வந்து பார்த்தால் தேவலை" என்றார்.

போய்ப் பார்த்தேன். அந்தத் தேசப் படத்துக்கு நேர் மேலே எங்கள் வீட்டில் இருப்பது பாத்திரம் கழுவும் யந்திரம்.

அந்த யந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் வருஷம் ஊரடங்கு வந்தபோது வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் வர முடியாமற் போயிற்று. நகரத்தில் பல வீடுகளில் இந்த யந்திரம் அடியெடுத்து வைத்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பொறுப்பை என் தாயார் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 70. இரண்டு கை விரல்களிலும் மூட்டு வலி. என் மனைவியையோ என்னையோ தொட்டிப் பக்கம் அண்ட விடமாட்டார். ஆனால் இரவில் எல்லோரும் படுத்த பிறகு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அதை ஒரு நாள் பார்த்த பிறகுதான் யந்திரத்தை வாங்கினோம். முதல் மாதம் முழுவதும் அம்மாவுக்கு அதனிடம் நம்பிக்கை இல்லை. அது கழுவிக் கொடுத்த டம்ளரைத் தாம் ஒரு முறை கழுவித்தான் காப்பி ஊற்றுவார். பிற்பாடு அவரே அதற்குச் சர்வாதிகாரி ஆகிவிட்டார். எந்தத் தட்டு எந்தக் கம்பியில் நிற்க வேண்டும் என்பதில் அவர் வைத்ததே சட்டம்.

யந்திரம் ஒழுகுகிறது என்று தெரிந்ததும் வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்கு முந்திய வாரம் ஒரு நாள், யந்திரத்துக்கென்று விற்கிற தூள் தீர்ந்துபோயிருந்தபடியால், கையால் தேய்ப்பதற்கான சோப்புத் திரவத்தில் ஒரு கரண்டியை விட்டு அம்மா யந்திரத்தை ஓட்டிவிட்டார். நுரை பொங்கிக் கதவு இடுக்கு வழியாக வெளியே வந்து, சமையலறை திருப்பாற்கடலாகிவிட்டது. "அன்றைக்குச் செய்ததன் பலன்தான் இது. கதவு ரப்பர் கெட்டுவிட்டது" என்று நான் தீர்ப்பு வழங்கினேன். அம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே தொட்டிக்கு முன்னால் நின்று பழையபடி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

கதவு ரப்பரை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன். மறு நாளும் யந்திரத்தின் முன்பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. பிறகு பழுது பார்க்கிறவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் ஓடாமல் நின்றிருந்த யந்திரத்தை ஐந்து நிமிஷம் சுற்றிப் பார்த்தார். "பம்பு போய்விட்டது, மாற்றுவதற்கு 9,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டு, வந்து பார்த்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவு என் பெண்தான் கேட்டாள்: "அப்பா! பரிசோதனை செய்யாமல் காரணம் சொல்லக் கூடாது என்று வகுப்பில் சொல்லுவீர்களே, பாட்டி விஷயத்தில் எந்தப் பரிசோதனை செய்தீர்கள்?"

இருபது வருஷமாகப் பௌதிகம் போதிக்கிற எனக்கு இதற்குப் பதில் இல்லை.

இந்த யந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் ஒழுங்காக யோசித்தேன். உள்ளே பிரஷும் கிடையாது, நாரும் கிடையாது. தேய்ப்பதெல்லாம் தண்ணீரின் வேகந்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்திலுள்ள ஷெல்பிவில் என்னும் ஊரில் ஜோஸபின் காக்ரேன் என்ற அம்மையார் இருந்தார். தம்முடைய பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைந்துபோவதைச் சகிக்க மாட்டாமல், வேறு வழி தேடினார். புருஷன் கடனை வைத்துவிட்டு இறந்துபோன பிறகும் முயற்சியை விடவில்லை. கம்பிச் சட்டங்களில் தட்டுகளை நிறுத்தி, சோப்புக் கலந்த வெந்நீரை அவற்றின் மேல் பீச்சியடிக்கும் யந்திரத்துக்கு 1886-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி காப்புரிமை பெற்றார். 1893-ல் சிகாகோவில் நடந்த பெரிய கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. முதலில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஹோட்டல்காரர்கள்; வீடுகளுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. இன்றைய யந்திரமும் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. வால்வு திறந்து குழாய்த் தண்ணீரை உள்ளே விடுகிறது. அடியிலுள்ள பம்பு அதைச் சூடாக்கிய நிலையில் சுழலும் கைகளுக்கு ஏற்றுகிறது. கைகளிலுள்ள துவாரங்கள் வழியாக அது பாத்திரங்களின் மேல் பாய்கிறது. அழுக்கானதும் மற்றொரு சிறிய பம்பு அதை வெளியே தள்ளுகிறது. பிறகு புதுத் தண்ணீர். ஒரு முறை ஓடி முடிப்பதற்குள் இப்படிப் பல தடவை நிரம்பிக் காலியாகிறது.

இதில் நான் கவனிக்கத் தவறிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் ஓரிடத்தில் ஒழுகி, தரையின் வாட்டத்தில் ஓடி, வேறோரிடத்தில் போய் நிற்கும். ஆகவே தண்ணீர் நிற்கிற இடத்தைக் கொண்டு ஓட்டை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட முடியாது. எப்போது ஒழுகுகிறது என்று பார்த்தால் சொல்லலாம். தண்ணீர் நிரம்பும்போதே ஈரம் கண்டால் கோளாறு உள்ளே வரும் குழாயிலோ வால்விலோ இருக்கும். கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தால் கதவு ரப்பர், சுழலும் கை, அடியிலுள்ள பெரிய பம்பு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அழுக்கு நீரை வெளியேற்றும்போது மாத்திரம் வந்தால் வடிகுழாயைப் பார்க்க வேண்டும்.

மறு நாள் மாலை 4 மணிக்குச் சோதனை ஆரம்பமாயிற்று. தரையை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தேன். யந்திரத்தின் முன்பக்கத்து அடிப் பலகையைத் திருப்புளியால் கழற்றி, கீழே பழைய பத்திரிகைக் காகிதங்களைப் பரப்பினேன். பலகையைக் கழற்றும்போது மின்சாரச் செருகியைப் பிடுங்கியிருந்தேன் என்பதைக் குறிப்பிட வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற யந்திரம் இது. அடியிலுள்ள தகட்டு விளிம்புகளும் கத்தி மாதிரி இருக்கும். பிறகு செருகியை மாட்டிவிட்டு, எதையும் தொடாமல் டார்ச் விளக்குடன் தரையில் குப்புறப் படுத்தேன். பெண் கடிகாரமும் நோட்டுப் புஸ்தகமுமாக உட்கார்ந்தாள். அம்மா கூடத்தில் இருந்தபடியே, எங்களைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் 'உஸ்' என்று நிரம்பிற்று, காகிதம் நனையவில்லை. கைகள் சுழன்று தண்ணீர் 'சளார், சளார்' என்று அடித்தது. அப்போதும் காகிதம் உலர்ந்தே இருந்தது. கதவு ரப்பருக்கு நான் அழுத 1,400 ரூபாயும் வியர்த்தம் என்பது அங்கேயே விளங்கிவிட்டது. 4 மணி 20 நிமிஷத்துக்கு வெளியேற்றும் பம்பு எருமை மாதிரி உறுமிற்று. சுமார் ஒரு நிமிஷத்துக்கெல்லாம் யந்திரத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தின் ஓரம் கறுத்து, நூல் மாதிரி ஒரு தாரை முன்னோக்கி ஊர்ந்து வந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, ரஸ வாசனை அடித்தது. சுத்தமான பச்சைத் தண்ணீராக இருந்தால் உள்ளே வரும் குழாயைச் சந்தேகிக்கலாம். இதுவோ வேலை முடிந்து வெளியேறும் நீர். அதற்குப் பிறகு மூன்று தடவை பம்பு உறுமிற்று. மூன்று தடவையும் தாரை வந்தது. நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை.

பெரிய பம்பு நிரபராதி என்பதற்கு வேறோர் அத்தாட்சியும் இருந்தது. எங்கள் யந்திரத்தின் அடியில் ஒரு தட்டும், அதில் ஒரு சிறு மிதவையும் உண்டு. யந்திரத்துக்குள்ளேயே ஒழுகினால் தட்டில் நீர் சேர்ந்து மிதவை எழும்பும். உடனே தண்ணீர் உள்ளே வருவது நின்று, யந்திரமும் வேலையை நிறுத்திவிடும். எங்கள் யந்திரம் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. தட்டு எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. 9,000 ரூபாய் கேட்டவர் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்திருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்கும்.

செருகியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, யந்திரத்தை நானும் என் மனைவியுமாக மெள்ள வெளியே இழுத்தோம். வடிகுழாய் சுவர் ஓரமாக ஓடி, அலமாரிப் பலகையிலுள்ள ஒரு துவாரம் வழியாகத் தொட்டிக்கு அடியில் போகிறது. அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில், குழாயின் அடிப்பக்கத்தில், வரிசையாகப் பல் பதிந்து இரண்டு ஓட்டைகள்! சுற்றிலும் பிளாஸ்டிக் துருவல். ஆனைமுகனுடைய வாகனம் எங்கள் வீட்டில் ராத்திரி ஆகாரம் செய்திருக்கிறது. அழுக்கு நீர் அங்கே கசிந்து, யந்திரத்தின் அடியில் தரை வாட்டத்தோடு ஓடி, கதவுக்குக் கீழே வந்து நின்று கதவின் மேல் பழி போட்டிருக்கிறது.

ஒட்டு நாடா சுற்றிப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஆனால் மடிப்பு மடிப்பான குழாயில் நாடா ஒழுங்காக ஒட்டாது. சூட்டு நீர் பட்டால் நாலு நாளில் அவிழ்ந்துவிடும். கெட்ட பாகத்தை வெட்டியெறிந்து, அதே அளவுக்குப் புதுக் குழாயை இணைப்புத் துண்டு வைத்துச் சேர்த்து, இரு பக்கமும் கிளிப்பால் முறுக்கினேன். எல்லாமாக 300 ரூபாய்க்குள் முடிந்தது. இதில் இரண்டு ஜாக்கிரதைகள் வேண்டும். குழாயை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் சிறு பம்புக்குத் தள்ளச் சக்தி போதாமற் போகலாம். தொட்டிக்கு அடியில் குழாயை ஒரு முறை உயரத் தூக்கி வளைத்துக் கட்டிய பிறகே கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியின் அழுக்கு நீர் யந்திரத்துக்குள் திரும்பி வரும். அலமாரித் துவாரத்தைச் சுற்றி இரும்பு வலை வைத்து அடைத்தேன்.

எல்லா வீட்டிலும் எலிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கழுவும் சமயத்தில் ஒழுகுகிற யந்திரமானால், ரப்பரை மாற்றுவதற்கு முன் கதவின் கீழ் விளிம்பில் படிந்திருக்கும் நெய்ப் பிசுக்கை ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். பாதி ஒழுகல் அதிலேயே நின்றுவிடும். யந்திரம் முன்பக்கம் சாய்ந்திருந்தாலும் கதவடியில் நீர் வரும். கால்களைத் திருகிச் சமப்படுத்தினால் போதும். சுழலும் கை விரிசல் விட்டிருந்தாலும், பெரிய தட்டு ஒன்று தடுத்து நீரைத் திருப்பினாலும், தாரை நேரே கதவு இடுக்கில் போய் அடிக்கும். கைச் சோப்பு போட்டு நுரை பொங்கியிருந்தால், தூளே இல்லாமல் இரண்டு தடவை ஓட்டி அலசிவிட வேண்டும். அதனால் ரப்பர் ஒன்றும் கெட்டுப் போய்விடாது. பெரிய பம்பின் அடைப்பிலேயே ஒழுகினால் மாத்திரம் யந்திரத்தைக் கவிழ்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கைதேர்ந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். நானாக இருந்தால் தொட மாட்டேன்.

வெட்டியெடுத்த குழாய்த் துண்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, "எலி கடித்திருக்கிறது அம்மா, நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்றேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோப்பு போட்டால் நுரை வரும். ஓட்டை விழுமா, அப்பா? அன்றைக்கே கேட்கலாம் என்று இருந்தேன். நீ படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் கையால்தான் தேய்த்தார். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது யந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கதவடியில் கை வைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. கீழ் வீட்டில் இந்தியா மறுபடி இலங்கையாகி மறைவதற்கு மூன்று வாரம் பிடித்தது. அது முழுவதும் உலர்ந்த பிறகு என் செலவில் வெள்ளையடித்துக் கொடுத்தேன். பெரியவர் மறுபடியும் வந்தார். மழையைப் பற்றி விசாரித்தார். பிறகு, அந்த எலி இப்போது தம்முடைய வீட்டில் இருப்பதாகத் தெரிவித்து, என்னிடம் எலிப்பொறி இருக்கிறதா என்று கேட்டார்.